ஒரே சமயத்தில் எத்தனை பேர்?

சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு: நான் பாடுவதில்லை. எங்கள் வீட்டில் அண்ணா பாடுவார்; தம்பியும் பாடுவான். நடுவில் பிறந்த எனக்குச் சாரீரம் கிடையாது என்பதை என் எட்டாவது வயதிலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "நீ வாயைத் திறக்க வேண்டாண்டா, விரலை மட்டும் அசை" என்று சொல்லித் தம்புராவை என் தோளில் சாய்த்துவிட்டாள். அன்று முதல் அண்ணா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம், நடுவில் நான் என்று ஏற்பாடாகிவிட்டது. அந்த ஏற்பாடு இன்று வரை மாறவில்லை. தம்புராதான் இல்லை.

அப்படிப்பட்ட நான் சென்ற வருஷம் மாம்பலத்தில் என் வீட்டின் பின்கட்டு அறையில் ஓர் ஒலிப்பதிவு நிலையத்துக்கு அதிபதியானேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

அம்மாவுக்குப் பெண் குழந்தை இல்லை. ஆகையால் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டிய பாட்டுக்களை எல்லாம் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தாள். அவற்றில் ஏசல் பாட்டு என்று ஒரு வகை உண்டு. இந்தக் காலத்துக் கல்யாணங்களில் அது அபூர்வம். பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டாரும், பெண் வீட்டாரைப் பிள்ளை வீட்டாரும் பாட்டிலேயே கேலி செய்வார்கள். சம்பந்தி அம்மாளின் மூக்குத்தியிலிருந்து பந்தியில் போட்ட அப்பளம் வரையில் எதுவும் தப்பாது. கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் அண்ணா எப்போதும் பிள்ளை வீடு. தம்பி எப்போதும் பெண் வீடு. கும்பகோணத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்த இரண்டு பையன்களையும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

அண்ணாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. தம்பிக்கு எழுபது. ஒன்பது வருஷமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவின் வீட்டை விற்ற வகையில் வந்த வினை. யார் பக்கம் நியாயம் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். இருவரும் தனித்தனியே என்னிடம் கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வருகிறது. அண்ணா இருப்பது மயிலாப்பூர். தம்பி இருப்பது தாம்பரம். ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதுகூட இல்லை. "தாம்பரம் என்ன சொல்றது?" என்பார் அண்ணா. "மயிலாப்பூர் இன்னும் அதே முறைப்புத்தானா?" என்பான் தம்பி. கேட்கிறவர்களுக்கு ஏதோ நகரசபைத் தகராறு போல இருக்கும்.

இந்த நிலைமையில் தம்பியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு நாள் அவள் என்னிடம் வந்து, "பெரியப்பா, என் ஊஞ்சலுக்குப் பாட்டியோட ஏசல் பாட்டு வேணும்" என்றாள்.

"அதற்கு இரண்டு பேர் வேணுமேம்மா."

"தெரியும். ரெண்டு பேரும் ஒரே அறையிலே உட்கார வேண்டாம். ஒரே நாளிலேகூட வர வேண்டாம். தனித்தனியாப் பாடட்டும். நான் சேர்த்துடறேன்."

சேர்த்துடறேன்! பந்துக்கள் அத்தனை பேரும் ஒன்பது வருஷமாக முயன்று தோற்ற காரியத்தை, சாம்பாருக்குப் பெருங்காயம் சேர்ப்பது போலச் சொல்லிவிட்டாள். அவள் எஞ்சினீயர். பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்து பிறகு ஒன்றாக ஒலிக்கச் செய்வது ஒரு பிரமாத விஷயமே இல்லை என்றாள். யந்திரங்களை வாங்கித் தருவது என் கல்யாணப் பரிசு என்று தீர்மானமாயிற்று.

ஒரு பொருளை வாங்குமுன் அதன் சரித்திரத்தைப் படிப்பது என் துர்ப்பழக்கம். நான் படித்ததில் சுவையானவற்றை மட்டும் சொல்கிறேன்.

1902-ஆம் வருஷம் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. ஒரு புனலுக்குள் பாட வேண்டும். பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் அந்த ஒரே புனலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றாக வேண்டும். அதாவது சண்டை போட்டவர்கள் சேர்ந்து பாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறகு அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிடார் வித்வான் ஒரு தந்திரம் செய்தார். தான் வாசித்ததை ஒரு தட்டில் பதிந்துகொண்டு, அதை ஒலிக்கவிட்டு, அதனுடன் தானே மறுபடி வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் பதிந்தார். இப்படி எட்டுக் கிடார்களை அடுக்கி 1948-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அடுக்க அடுக்க அடியில் இருப்பது மங்கும். கடைசி அடுக்கில் ஒரு விரல் தவறினால் அடுக்கியது அத்தனையும் வீண். அந்த அவஸ்தைக்குப் பரிகாரமாக 1957-இல் ஆம்பெக்ஸ் கம்பெனி அவருக்கு எட்டுத் தடம் உள்ள டேப் யந்திரம் செய்து கொடுத்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு தடம். ஒன்றை அழித்தாலும் மற்றது கெடாது. இன்று நம் கம்ப்யூட்டரில் நடப்பதும் இதேதான்.

1979-இல் டியாக் கம்பெனி சாதாரணக் காஸெட்டில் நான்கு தடம் பதியும் போர்ட்டாஸ்டூடியோவைக் கொண்டு வந்தது. ஒலிப்பதிவு படுக்கையறைக்கு வந்தது அப்போதுதான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பிரபல அமெரிக்கப் பாடகர் ஒரு வாடகை வீட்டில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு சாதாரண மைக்குகளில், ஒத்திகையாகச் சில பாட்டுக்களைப் பாடி வைத்தார். அப்புறம் பெரிய ஸ்டூடியோவில் முழு வாத்திய கோஷ்டியுடன் அவற்றைப் பாடிப் பார்த்தார். சரியாக வரவில்லை. கடைசியில் அந்தக் காஸெட்டையே 1982-இல் 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டுவிட்டார்கள். எங்கள் பின்கட்டு அறையைப் பற்றி எனக்கு நம்பிக்கை பிறந்தது அதைப் படித்த பிறகுதான்.

மவுண்ட் ரோடுப் பக்கம் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். மைக்கிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றும் பெட்டி ஒன்று வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். ஒரு மைக் மட்டும் சொருகக்கூடியது, இரண்டு சொருகக்கூடியது, எட்டு சொருகக்கூடியது என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எட்டுத் தடம் வேண்டுமானால் எட்டுத் துவாரம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கடைக்காரப் பையன் சிரிக்கவில்லை. பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்:

"சார், எத்தனை தடம்னு பார்க்காதீங்க. ஒரே சமயத்தில் எத்தனை பேர் பாடுவாங்க?"

இதுதான் சூட்சுமம். தடங்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்கே இல்லை. ஒருவரே ஒற்றை மைக்கில் நாற்பது தடவை பாடி நாற்பது தடங்களை நிரப்பலாம். துவாரங்களின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்து, பாட்டு, வயலினுடன் கச்சேரியாகப் பதிய வேண்டுமானால் நான்கு வேண்டும். தனித்தனியே பதிவதானால் ஒன்று போதும்.

"எங்களுக்கு ஒருத்தர்தான். தனித்தனியாத்தான் பாடுவா" என்றாள் குழந்தை.

எங்கள் தேவைக்கு ஒற்றைத் துவாரப் பெட்டியே சரி. விலையும் சில ஆயிரம் ரூபாய் குறைவு. "இரண்டு உள்ளதையே கொடப்பா" என்றேன்.

"எதுக்கு பெரியப்பா?"

"இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பையனிடம் திரும்பி, "இரண்டு மைக், இரண்டு ஸ்டாண்ட்" என்றாள்.

அடுத்தது மைக். கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு ஜாதி. கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் அந்தப் பெட்டியிலிருந்தே போகும். கூர்மையான காது, சன்னமான கமகம்கூடத் தப்பாது. நல்ல ஸ்டூடியோவுக்கு அதுதான் உசிதம். ஆனால் மாம்பலத்தில் அது என்னென்ன கேட்கும் என்பதை யோசிக்க வேண்டும். மின்சார ரயில், அடுத்த வீட்டுக் குக்கர், மாடியில் கிரைண்டர், ஜன்னலில் காக்கை. அத்தனையும் பக்கவாத்தியமாகச் சேர்ந்துகொள்ளும். டைனமிக் மைக்குக்குக் காது கொஞ்சம் மந்தம். அரை அடி தூரத்தில் பாடுகிறவரை நன்றாகக் கேட்கும். தெருவைப் பற்றி அதற்கு அவ்வளவு அக்கறை கிடையாது. ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 57 என்ற மைக் 1965-இல் வந்தது, இன்றும் விற்கிறது. அந்த ஜாதியில் இரண்டு வாங்கினோம். அதில் ஒலி மெலிந்து வரும். பெட்டிதான் அதைப் பெருக்க வேண்டும். பெட்டி மட்டமானதாக இருந்தால் கூடவே 'உஸ்' என்று ஒரு சத்தமும் பெருகும். ஆகையால் மைக்கில் மிச்சம் பிடித்தாலும் பெட்டியில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்றான் பையன்.

மூன்றாவது, காதில் மாட்டும் ஹெட்ஃபோன். முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டேதான் இரண்டாமவர் பாட வேண்டும். கேட்பது வெளியே கசிந்தால் மைக் அதையும் பிடித்துவிடும். ஆகவே காதை முழுக்க மூடுகிற வகையாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பாடுகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பிக் காதுக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் போய்விடும். அதாவது தன் குரல் எதிர்ச் சுவரிலிருந்து வருவது போல் இருக்கும். தாளம் தப்ப இது போதும். நல்ல பெட்டிகளில் பாடகரின் குரலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமல் நேரே காதுக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. அது உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றதற்குச் செலவில்லை. பதிவு செய்யும் புரோகிராம் ஆடாசிட்டி. 2000-ஆம் வருஷத்திலிருந்து இனாமாகக் கிடைக்கிறது. 'ப', 'ப்' என்ற எழுத்துக்கள் மைக்கில் வெடிக்காமல் இருக்க, பூவேலை செய்யும் மர வளையத்தில் என் மனைவியின் பழைய நைலான் துணியை மாட்டிக் குறுக்கே வைத்தோம். எதிரொலி அடங்கச் சுவரில் இரண்டு ஜமக்காளம். மூன்றாவது சுவரில் என் புத்தக அலமாரி. சமமில்லாமல் அடுக்கிய புத்தகங்கள் ஒலியைச் சிதற அடிக்குமாம். நான் எழுதிய நாவல்களால் சங்கீதத்துக்கு ஓர் உபகாரம் ஏற்படும் என்று நான் சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

யந்திரங்கள் வந்தாகிவிட்டன. பாடகர்கள்தான் பாக்கி.

முதல் வழக்கு சுருதியில் வந்தது. முதல் தடத்தில் சுருதியைப் பதிந்துவிட்டால் அப்புறம் இருவரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அண்ணா ஒரு கட்டை என்றார். தம்பி ஒன்றரை என்றான். "தாம்பரத்துக்காக நான் தொண்டையைக் கிழித்துக்கணுமா?" என்றார் அண்ணா. "மயிலாப்பூருக்காக நான் கிணற்றுக்குள் இறங்கணுமா?" என்றான் தம்பி. பத்து நாள் தூது நடந்தது. கடைசியில் எலெக்ட்ரானிக் தம்புராவின் குமிழை ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நட்டநடுவில் திருப்பி வைத்தேன். எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத சுருதி அது. இருவரிடமும், "உன் பக்கம்தான் சாய்த்து வைத்திருக்கிறேன்" என்றேன். இருவருக்கும் திருப்தி. இரண்டாவது தடத்தில் நான் கையால் தட்டிய தாளம். ஆக, அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லையே தவிர, பாதித் தடம் என்னுடையது.

ஒரு சனிக்கிழமை அண்ணா வந்து பிள்ளை வீட்டுக் கட்சியைப் பாடினார். ஒரு கண்ணி பாடிவிட்டு, பதில் கண்ணிக்கு இடம் விட்டு, தொடையில் தாளம் போட்டபடி காத்திருந்து, மறுபடி எடுத்தார். அந்த இடைவெளிகளில் அவர் யாரையும் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை தம்பி வந்தான். மைக் முன்னால் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். அவனுக்கு ஓட்டிக் காட்டினாள் குழந்தை. முதல் கண்ணி முடிந்து அவன் எடுக்க வேண்டிய இடம் வந்தது. அவன் எடுக்கவில்லை.

"மறுபடி போடும்மா" என்றான்.

மறுபடி போட்டாள். மறுபடியும் எடுக்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான்.

"இது என்ன சத்தம்?"

குழந்தை தன் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு கேட்டாள். ரயில் இல்லை, மின்விசிறி இல்லை என்றாள். நான் வாங்கிக் கேட்டேன். அண்ணா பாடாமல் இருந்த இடைவெளியில், ஒரு சன்னமான இழுப்பு. வரி முடிந்தவுடன் ஒன்று. அடுத்த வரிக்கு முன் ஒன்று. நான்கு அடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. காது மந்தமான மைக் என்றுதானே வாங்கினோம்? அரை அடியில் இருப்பதை மட்டும் அது தப்பாமல் கேட்டிருக்கிறது.

தம்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணாவுக்கு மூச்சு முட்டறதே! எத்தனை நாளா? டாக்டர் கிட்டக் காட்டினாளா இல்லையா?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். சொன்னது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அன்று அவன் பாடவில்லை. "மூணாவது கண்ணியில் அந்த நீள வரி இருக்கே, அதை முழுக்க அவர் இழுக்கக் கூடாது. பாதியில் நான் வாங்கிக்கணும். அம்மா அப்படித்தான் வாங்கிப்பா, நமக்கு மூச்சுப் போனால்" என்றான்.

"வாங்கிக்கோயேன். அதான் ஹெட்ஃபோனில் கேட்கிறதே" என்றேன்.

"கேட்டா எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்தால்தானே எங்கே விடப்போறார்னு தெரியும்!" என்று எரிந்து விழுந்தான்.

அன்று மாலையே மயிலாப்பூருக்குப் போய் அண்ணாவிடம் சொன்னேன். மூச்சு விஷயத்தை மன்னியிடம் சொல்லி, மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்தேன். அண்ணா வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த வரியில் அவன் எப்பவும் ஒரு அட்சரம் முன்னாடியே வந்துடுவான். வந்து ஒழுங்கா வாங்கிக்கச் சொல்லு" என்றார்.

டாக்டர் மருந்து கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் பாடலாம் என்றார். அந்த மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு துவாரத்திலும் இரண்டு மைக்கைச் சொருகினோம். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று வரையில் பேசவில்லை. அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. "சௌக்கியமா?" என்று தம்பி கேட்டான். "ம்" என்றார் அண்ணா. அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் ஏச ஆரம்பித்தார்கள், அம்மா சொல்லிக்கொடுத்த ராகத்தில். மூன்றாவது கண்ணியில் தம்பி ஓர் அட்சரம் முன்னாலேயே வந்துவிட்டான். அண்ணா தலையில் அடித்துக்கொண்ட சத்தம்கூட அதில் பதிவாகி இருக்கிறது.

ஊஞ்சலின்போது அதை ஒலிக்கவிட்டாளா, அல்லது இருவருமே பக்கத்தில் நின்று பாடினார்களா என்பது உங்களுக்கு அவசியம் இல்லை. யந்திரம் வாங்க நினைக்கிறவர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று இரவு தம்பியின் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு தடங்களையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தாள். எதிரெதிரே உட்கார்ந்து பாடினால் ஒருவர் மைக்கில் மற்றவர் குரலும் விழுந்துவிடும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் அசையும். பல தடப் பதிவில் இது ஒரு பெரிய தோஷம். புஸ்தகங்களில் எல்லாம் எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் போராடிவிட்டு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

"பெரியப்பா, ரெண்டு பேரையும் பிரிக்கவே முடியலை" என்றாள்.

"போனால் போகிறது, அப்படியே விட்டுவிடு" என்றேன்.